அருமையும் பெறுமதியும்: அறியப்படாத படங்களை நாடிய சுவைஞர் பற்றிய ஒரு நோக்கு

1

தமிழ்ச் சூழலில் 'சினிமா இரசிகன்' என்னும் தொடர் பெரும்பாலும் நடிகர் ஒருவரிடம் தன்னை ஒப்புக்கொடுத்தவனையே குறித்து வந்துள்ளது. முதற் காட்சிக்கு முண்டியடிப்பதும், மன்றம் அமைப்பதும், தன் நாயகனின் படம் நூறு நாள் ஓடவேண்டுமென நேர்வதும் அவனது இலக்கணங்களாகக் கொள்ளப்பட்டன. இவனுக்கு நேர்மாறான இன்னொரு வகை இரசிகனும் உலகின் பெருநகரங்களிற் காணப்பட்டான். ஊரெல்லாம் பேசும் படத்தை அவன் சந்தேகத்தோடு நோக்குவான். விமர்சகர் கவனியாது விட்ட படங்களையும், ஒரு கிழமையில் திரையை விட்டகன்ற படங்களையும், தயாரித்த நிறுவனமே மறந்துவிட்ட படங்களையும் அவன் தேடிச் சென்று பார்ப்பான். பார்த்தவற்றைக் குறித்துவைப்பான், தரவரிசைப்படுத்துவான், நண்பரோடு வாதிடுவான். இவ்வகையினரைச் 'சுவைஞர்' என்ற சொல்லாற் சுட்டுவது வசதியாகும்.

சுவைஞரின் இப்பழக்கம் வெறும் பொழுதுபோக்கா, அன்றி விமர்சனத்தின் ஒரு வடிவமா? அறியப்படாத படத்தை விரும்புதல் தன்னளவில் ஓர் இரசனைத் தகுதியாகுமா? அருமையாகக் கிடைப்பது பெறுமதி வாய்ந்ததாகவும் இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. முத்துக்கும் மாணிக்கத்துக்கும் இது பொருந்தலாம். கலைக்கு இது பொருந்துமா என்பதே கேள்வி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பாரிஸ் நகரில் உருவான சுவைஞர் கூட்டத்தின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அக்கூட்டத்தின் பழக்கங்களும் கருத்துகளும் நன்கு பதிவாகியிருப்பதும், அதன் சரிகளும் பிழைகளும் இன்று தெளிவாகத் தெரிவதும் அதற்குக் காரணங்களாம்.

2

எந்த இரசனையும் வானத்திலிருந்து விழுவதில்லை. பாரிஸ் சுவைஞரின் இரசனைக்கும் திட்டவட்டமான புறச்சூழல் இருந்தது. 1940 முதல் 1944 வரை ஜேர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் அமெரிக்கப் படங்கள் பாரிசிற் காட்டப்படவில்லை. போர் முடிந்தபின், 1946 மே மாதத்திற் பிரான்சும் அமெரிக்காவும் செய்துகொண்ட புளூம் - பேர்ண்ஸ் உடன்படிக்கை பிரெஞ்சுப் படமாளிகைகளை ஹொலிவூட் படங்களுக்குத் திறந்துவிட்டது. ஒவ்வொரு மூன்று மாதத்திலும் நான்கு கிழமைகளே பிரெஞ்சுப் படங்களுக்கென ஒதுக்கப்பட்டன. பிரெஞ்சுத் திரைப்படத் தொழிலாளரும் கலைஞரும் இதனை எதிர்த்தமை இயல்பே. ஆயின், ஐந்தாறு ஆண்டுகளாகத் தேங்கியிருந்த படங்கள் ஒரே வேளையில் வந்து குவிந்தமை பார்வையாளருக்கு அபூர்வமானதொரு வாய்ப்பாயிற்று. வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களை அடுத்தடுத்து நோக்கியபோது, அமெரிக்கரே கவனியாத ஒற்றுமைகள் அவர்களுக்குப் புலப்பட்டன. 'த மோல்டீஸ் பல்கன்', 'டபிள் இன்டெம்னிற்றி', 'லோறா' முதலிய குற்றக் கதைகளை 1946இன் கோடையிற் பார்த்த நீனோ பிராங் என்ற விமர்சகர் அவற்றைக் 'கறுப்புப் படங்கள்' என்று பெயரிட்டார். 'பிலிம் நுவார்' என்னும் அப்பெயர் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அவற்றைத் தயாரித்தோர் அறியாதிருந்த ஒரு வகைமையைப் பார்த்தோர் கண்டறிந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது காரணி 'சினமாத்தேக் பிரான்சேஸ்' என்னும் திரைப்படக் காப்பகமாகும். ஆன்றி லாங்லுவாவும் ஜோர்ஜ் பிராஞ்சுவும் 1936இல் இதனைத் தொடக்கி வைத்தனர். 1948இல் மெசீன் அவெனியூவிற் காப்பகம் திறந்த காட்சியறையில் ஏறத்தாழ 60 இருக்கைகளே இருந்தன. அவ்வறையின் முன்வரிசைகளில் நாள்தோறும் வந்தமர்ந்த இளைஞருள் பிரான்சுவா த்ரூபோ, ழான் லுக் கொடார், ஜாக் ரிவெத், எரிக் ரோமர் முதலியோர் அடங்குவர்.

இவர்களது பார்வைப் பழக்கங்கள் விநோதமானவை. ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களைப் பார்த்தல், திரைக்கு மிக அண்மையில் அமர்தல், ஒரு நெறியாளரின் படங்கள் அனைத்தையும் ஒன்றும் விடாது தேடுதல், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோவை வைத்தல் ஆகியன அவற்றுட் சில. த்ரூபோ தாம் பார்த்த முதல் இருநூறு படங்களையும் பள்ளிக்குச் செல்லாது மறைந்தும், கட்டணம் செலுத்தாது புகுந்துமே பார்த்ததாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். பதினாறாவது வயதில் அவர் ஒரு திரைப்படக் கழகத்தையும் தொடக்கினார்.

இங்கு நோக்கற்பாலது, இப்பழக்கங்கள் அவர்களது கருத்துகளையே உருவாக்கின என்பதாகும். லாங்லுவா பிறமொழிப் படங்களைப் பெரும்பாலும் உபதலைப்புகள் இன்றியே காட்டினார். மௌனப் படங்களை இசையின்றிக் காட்டினார். உரையாடல் விளங்காத பார்வையாளன் வேறெதைப் பற்றிக்கொள்வான்? நடிகர் எங்கே நிற்கின்றார், கமெரா எப்போது நகர்கின்றது, ஒளி எப்பக்கத்திலிருந்து விழுகின்றது, ஒரு காட்சி எங்கே வெட்டப்படுகின்றது என்பவற்றையே அவன் கவனித்தான். கதையும் வசனமுமே படம் என்று கருதிய விமர்சன மரபுக்கு மாறாக, காட்சியமைப்பே படத்தின் பொருள் என்ற கோட்பாடு இச்சூழலிலே வேரூன்றியது. 1954 சனவரியில் 'கையே து சினிமா' என்னும் சஞ்சிகையிலே த்ரூபோ எழுதிய கட்டுரை, இலக்கியக் கதைகளைத் திரைக்கதையாசிரியரின் துணையுடன் பக்குவமாகப் படமாக்கிய அக்காலப் பிரெஞ்சுச் சினிமாவைக் கடுமையாகச் சாடியது. அக்கோபத்தின் பின்னே நெடுநாள் முன்வரிசையில் அமர்ந்து பழகிய ஒரு கண் இருந்தது.

3

அக்கண் எதனைக் கண்டது என்பதை ஒரு படத்தைக் கொண்டு விளக்கலாம். அதற்குமுன் அமெரிக்கச் சிறுபடங்களின் தயாரிப்பு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1930களில் அமெரிக்கப் படமாளிகைகள் ஒரே கட்டணத்துக்கு இரண்டு படங்களைக் காட்டத் தொடங்கின. முதன்மைப் படத்துக்கு வசூலில் ஒரு வீதம் தயாரிப்பாளருக்குச் சென்றது. துணையாக ஓடிய 'பி' படத்துக்கோ முன்கூட்டியே நிச்சயித்த வாடகை மாத்திரமே கிடைத்தது. படம் சிறந்தால் இலாபம் பெருகப்போவதில்லை; மோசமானாலும் பெருநட்டம் இல்லை. எனவே செலவை இறுக்கிப் பிடிப்பதொன்றே தயாரிப்பாளரின் கவலையாயிற்று. மொனோகிறாம், பி.ஆர்.சி. போன்ற சிறு நிறுவனங்கள் இவ்வடிப்படையிலேயே இயங்கின. நட்சத்திரமும் இல்லை, விளம்பரமும் இல்லை, மேலிருந்து கூர்ந்து கவனிப்போரும் அதிகம் இல்லை. இந்த அலட்சியமே சில நெறியாளருக்கு எதிர்பாராத சுதந்திரமாக அமைந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பின் பின்னர், பெரு நிறுவனங்கள் தம் படங்களைத் தொகுதியாகப் படமாளிகைகளின் தலையிற் கட்டும் முறை தகர்ந்தது. 'பி' படத்தின் பொருளாதார அடித்தளமும் அதனோடு ஆட்டங்கண்டது.

பி.ஆர்.சி. நிறுவனத்துக்காக எட்கர் உல்மர் நெறிப்படுத்திய 'டீற்றூர்' (1945) இவ்வகைப் படங்களுள் இன்று மிகவும் பேசப்படுவது. அதன் நீளம் 68 நிமிடம். ஆறே நாட்களில் அதனை எடுத்து முடித்ததாக உல்மர் பிற்காலத்திற் கூறியதைத் திரைப்பட வரலாற்றாய்வாளர் ஏற்றுக்கொள்வதில்லை. எனினும் அது மிகக் குறைந்த செலவில் உருவானது என்பதில் ஐயமில்லை. நியூயோர்க் இராக்கூடமொன்றிற் பியானோ வாசிக்கும் அல் றொபேர்ட்ஸ், காதலியைக் காண லொஸ் ஏஞ்சலிசுக்கு வழிப்போக்குக் கார்களில் ஏறிப் பயணிக்கிறான். அவனை ஏற்றிச் சென்றவர் வழியில் இறக்கிறார். பழி தன்மேல் விழுமென அஞ்சி, இறந்தவரின் பெயரையும் காரையும் பணத்தையும் றொபேர்ட்ஸ் எடுத்துக்கொள்கிறான். பின்னர் அவன் ஏற்றிக்கொள்ளும் வேரா என்ற பெண்ணோ இறந்தவரை முன்பே அறிந்தவள். அவள் விரித்த வலையிலிருந்து அவனால் மீள முடிவதில்லை.

வறுமை இப்படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகின்றது. நியூயோர்க் வீதியை அமைக்கப் பணமில்லை. ஆகவே காதலர் நடந்து செல்லும் வீதி முழுவதும் மூடுபனி. றொபேர்ட்ஸ் கார்களுக்குக் கைகாட்டும் சில காட்சிகளில் பிலிம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்பட்டுள்ளது. அதனால் அமெரிக்க வீதியில் கார்கள் இடப்புறமாகச் செல்கின்றன, சாரதிகள் வலப்புறம் அமர்ந்திருக்கின்றனர். இடப்புறமாக வாகனம் ஓடும் இலங்கையின் பார்வையாளர் இவ்வழுவைக் கவனியாமலும் விடலாம். கண்டிப்பான விமர்சகன் ஒருவன் இவற்றைக் காட்டி, 'இது அரைகுறைப் படம்' என்று ஒதுக்கினால் அவனைக் குறைகூற முடியாது.

ஆயினும், கதை முழுவதும் றொபேர்ட்சின் வாய்மொழியாகவே வருகின்றது என்பதைச் சுவைஞர் கவனித்தனர். அவன் சொல்வதை நம்பலாமா? இரு மரணங்கள் நிகழ்கின்றன, இரண்டும் விபத்தென்கிறான், இரண்டிலும் தன் பொறுப்பு இல்லையென்கிறான், எல்லாம் விதியின் செயல் என்கிறான். ஆனால் திரையிற் காணும் முகம் வேறொன்றைச் சொல்கின்றது: தன்னிரக்கமும் கோழைத்தனமும் நிறைந்த ஒருவன், தன்னைத்தானே நியாயப்படுத்தும் முகம் அது. சொல்லுக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள இவ்விரிசலிலேதான் படத்தின் பொருள் தங்கியுள்ளது. இவ்வாறு நோக்கும்போது மூடுபனியும் புதிய பொருள் பெறுகின்றது. வசதியில்லாமையால் வந்த பனி, தனக்கு வசதியானவற்றை மாத்திரம் நினைவுகூரும் ஒருவனின் மனத் தெளிவின்மையாகவும் ஆகிவிடுகின்றது. உல்மர் இதனைத் திட்டமிட்டாரா என்பது இரண்டாம் பட்சமான வினா. வறுமையை மறைக்கச் செய்த உபாயம் கதையின் உண்மையோடு பொருந்தி நின்றதா என்பதே விமர்சனத்தின் வினா. பொருந்தி நிற்கின்றது என்பதே விடை. 1992இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

ஜோசப் லூயிசின் 'கன் கிறேசி' (1950) படத்திலும் இவ்வாறானதொன்றைக் காணலாம். வங்கிக் கொள்ளையொன்று முழுவதும் காரின் பின்னாசனத்திலிருந்து, இடையில் வெட்டின்றி, ஒரே காட்சியாக எடுக்கப்பட்டுள்ளது. வங்கியின் உட்புறத்தைப் பார்வையாளர் காண்பதேயில்லை. காரிற் காத்திருக்கும் பெண்ணின் பதற்றமே அங்குக் காட்டப்படுகின்றது. உட்புறக் காட்சியை அமைக்கும் செலவு மிஞ்சியது, கலையும் மிஞ்சியது. கொடார் தமது முதல் நெடும்படத்தை (1960) மொனோகிறாம் நிறுவனத்துக்கு அர்ப்பணித்தார். பணமின்மையிலிருந்தும் ஒரு மொழியை உருவாக்கலாமென்று கற்பித்தவர்களுக்குச் செலுத்திய நன்றியாக அதனைக் கொள்ளலாம்.

4

இதுவரை கூறியவை சுவைஞரின் வெற்றிகள். அவர்களது குறைபாடுகளையும் சமநிலையோடு நோக்குதல் வேண்டும்.

நெறியாளரே படத்தின் ஆக்கியோன் என்ற கொள்கை, நாளடைவில் வழிபாடாக மாறியது. விரும்பப்பட்ட நெறியாளரின் மோசமான படமும் பிறரின் சிறந்த படத்தைவிட மேலானது என்னும் நிலை தோன்றிற்று. எத்துவால் சதுக்கத்துக்கு அண்மையிலுள்ள மக்மஓன் படமாளிகையை மையமாகக் கொண்ட குழுவினர் பிரிட்ஸ் லாங், லோசி, பிறெமிங்கர், வோல்ஷ் ஆகிய நால்வரை மாத்திரமே பெருங்கலைஞராகத் தெரிந்தெடுத்தனர். ஊர் போற்றுவதைத் தூற்றுவதும், ஊர் அறியாததைப் போற்றுவதும் அங்கு ஒரு சடங்காயின. தமிழகத்து நடிகர் மன்றத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, நோக்கின் அடிப்படையில், அத்துணை பெரிதன்று. முன்னதில் நடிகர், பின்னதில் நெறியாளர். இரண்டிலும் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிடுகின்றது.

இவ்வாபத்தை முதலில் உணர்ந்தவர் அச்சஞ்சிகையின் நிறுவுநருள் ஒருவரும், இவ்விளைஞருக்குத் தந்தைபோல் இருந்தவருமான அந்திரே பஸின் என்பது குறிப்பிடத்தக்கது. 1957இல் எழுதிய கட்டுரையில் அவர் தம் மாணவரின் கொள்கையை முற்றாக மறுக்கவில்லை. ஆயின், ஆக்கியோனைப் போற்றும் ஆர்வத்தில் ஆக்கப்பட்ட பொருளை மறந்துவிடலாகாது என்றும், ஒரு படத்தின் சிறப்பில் அக்காலத்தின் சமூகச் சூழலுக்கும் தொழில்முறை மரபுக்கும் பங்குண்டு என்றும் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவிற் போலின் கேல் 1963இல் இன்னும் கடுமையாக இக்கொள்கையைத் தாக்கினார். மனி பாபரோ 1962இல் வேறொரு வழியிற் சென்றார். தன் பெருமையைத் தானே சுமந்து நிற்கும் பெரும்படங்களை வெள்ளை யானைக்கும், யாருடைய பாராட்டையும் எதிர்பாராது தன் வழியை அரித்துச் செல்லும் சிறு ஆக்கங்களைக் கறையானுக்கும் அவர் ஒப்பிட்டார். இவ்வுவமை கவர்ச்சியானதே. ஆயினும் எல்லாச் சிறுபடங்களும் கறையான்கள் அல்ல என்பதைச் சேர்த்துக் கூறுதல் அவசியம். பல வெறும் மரத்தூளே.

இவ்விடத்திலேதான் அருமைக்கும் பெறுமதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. அறியப்படாத படமொன்றைக் கண்டவன் இரு மகிழ்ச்சிகளை அடைகிறான். ஒன்று, படம் தந்த மகிழ்ச்சி. மற்றையது, பிறர் காணாததைத் தான் கண்டேன் என்னும் மகிழ்ச்சி. பின்னையது கலை அனுபவமன்று, உடைமை உணர்வு. பிறரிடமிருந்து தன்னை உயர்த்திக் காட்டும் கருவியாக இரசனை செயற்படுவதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டினார். இவ்விரண்டு மகிழ்ச்சிகளையும் பிரித்தறிவதற்கு எளிய சோதனையொன்றுண்டு. நாளை அப்படம் எல்லோருக்கும் தெரிந்ததாகி, ஊர்தோறும் ஓடுமாயின், அதனைப்பற்றிக் கூறுவதற்கு அச்சுவைஞனிடம் ஏதேனும் எஞ்சியிருக்குமா? 'டீற்றூர்' இச்சோதனையில் தேறுகின்றது. அதனைப் பற்றிய வாதங்கள் அதன் அருமையிலே தங்கியிருக்கவில்லை. அத்தகைய வாதத்தை முன்வைக்க முடியாதவன் சேகரிப்பாளனே அன்றி விமர்சகன் ஆகான்.

5

ஆயின் சேகரிப்பாளனையும் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. ழான் விகோ என்னும் பிரெஞ்சு நெறியாளரின் கதை இதற்குச் சான்று. அவர் எடுத்த படங்கள் நான்கே. அவை அனைத்தையும் ஒருங்குசேர்த்தாலும் 200 நிமிடத்தை எட்டா. விடுதிப் பள்ளி மாணவரின் கலகத்தைச் சித்திரித்த 'ஸேரோ து கொந்துயித்' (1933) போர் முடியும்வரை பிரான்சிலே தடைசெய்யப்பட்டிருந்தது. படகோட்டி ஒருவனும் அவனது இளம் மனைவியும் வாழும் வாழ்வைக் கூறும் 'லத்தலான்த்' (1934) விநியோகஸ்தராற் சிதைக்கப்பட்டது, காட்சிகள் வெட்டப்பட்டன, அக்காலப் பிரபல பாடலொன்று நுழைக்கப்பட்டு, அப்பாடலின் பெயரே படத்துக்கும் சூட்டப்பட்டது. அது திரைக்கு வந்த அடுத்த மாதமே, 29 வயதில், விகோ காலமானார். அத்தோடு அவர் கதை முடிந்திருக்கலாம். முடியாமற் காத்தவை திரைப்படக் கழகங்களும் காப்பகங்களுமே. 1946இல் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், கழகமொன்றின் காட்சியில், விகோவின் படங்களை ஒரே அமர்விற் பார்த்த பதினான்கு வயதுச் சிறுவன் த்ரூபோ. பதின்மூன்று ஆண்டுகளின் பின் அவர் எடுத்த முதல் நெடும்படத்திலே விகோவின் பள்ளிச் சிறுவரின் சாயலைக் காண்பது கடினமன்று. 1990இல் 'லத்தலான்த்' இயன்றவரை மூலவடிவத்துக்கு மீட்கப்பட்டது.

பிரதிகள் எஞ்சாதிருந்தால் இவ்விமர்சனமும் இல்லை, மீட்பும் இல்லை. 1950களின் தொடக்கம் வரை படங்கள் பெரும்பாலும் நைத்திரேற்றுப் பிலிமில் அச்சிடப்பட்டன. அது எளிதில் தீப்பற்றுவது. காலம் செல்லச் சிதைந்து தூளாவது. ஓடி முடிந்த பிரதிகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்துவிடுவதும் வழக்கமாயிருந்தது. இந்நிலையில் எதைக் காப்பது என்ற கேள்விக்கு இரு விடைகள் கூறப்பட்டன. இலண்டனிலே 1935இல் தோன்றிய தேசியத் திரைப்பட நூலகத்தின் பொறுப்பாளர் ஏர்ணெஸ்ட் லின்ட்கிறன், குழுவொன்று தெரிந்தெடுத்த படங்களை முறையாகப் பேணவேண்டுமென்றும், ஒரேயொரு பிரதியுள்ள படத்தைத் திரையிட்டுத் தேய்த்தல் தகாதென்றும் கருதினார். லாங்லுவாவோ தெரிவையே மறுத்தார். இன்று குப்பையெனப்படுவது நாளை எவ்வாறு மதிக்கப்படும் என்பதை எவரும் அறியார். எனவே எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். காட்டப்படாத படம் இறந்த படமே என்பது அவர் நிலைப்பாடு.

லாங்லுவாவின் நிலைப்பாடு உணர்ச்சியைத் தொடுவது. சுவைஞர் தலைமுறையொன்றை உருவாக்கியதும் அதுவே. 1968 பெப்ருவரியில் அரசு அவரைப் பதவிநீக்கியபோது அத்தலைமுறை வீதிக்கு இறங்கிப் போராடியது. ஏப்பிரலில் அவர் மீண்டும் பதவியேற்றார். ஆயினும், 1959இல் அவரது காப்பகத்தின் பிரதிகள் பல தீக்கிரையானமையையும் மறத்தலாகாது. ஒழுங்கான பட்டியலின்மை காரணமாக எவை எரிந்தன என்பதையே முழுமையாக அறிய முடியவில்லை. காதல் மாத்திரம் பிலிமைக் காப்பாற்றாது. லின்ட்கிறனின் பட்டியலும் லாங்லுவாவின் திரையும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன.

6

பாரிசின் இவ்வரலாற்றை இலங்கைத் தமிழர் தமக்குச் சம்பந்தமற்றதெனக் கொள்ள இயலாது. அறியப்படாத படம் என்பது அவர்களைப் பொறுத்தவரை அயல்நாட்டு அபூர்வம் அன்று. தமது சொந்தப் படங்களே அவ்வாறாயின. தமிழகப் படங்களின் நீண்ட நிழலில், 'குத்துவிளக்கு' (1972), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) போன்ற படங்கள் இங்கு எடுக்கப்பட்டன. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தைக் களமாகக்கொண்டு, காவலூர் இராசதுரையின் எழுத்துத் துணையுடன் நெறிப்படுத்திய 'பொன்மணி' (1977) இவற்றுள் தனித்து நிற்பது. சீதனமும் சாதியும் நெருக்கும் ஒரு குடும்பத்தைப் பாடலாலோ வீரவசனத்தாலோ அன்றி, மௌனத்தாலும் வீட்டு முற்றத்தின் வெறுமையாலும் அது காட்டியது. தமிழகப் படங்களில் ஊறிய பார்வையாளர் அதனை ஏற்கவில்லை. படமாளிகைகளில் அது தோல்வியுற்றது.

அத்தோல்விக்குப் பார்வையாளரை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது எளிது, ஆனால் நேர்மையன்று. பாரிஸ் இளைஞருக்கு நாள்தோறும் பழைய படங்களைக் காட்டிய ஓர் அறை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவர்களது கண்ணைப் பழக்கியது. யாழ்ப்பாணத்துப் பார்வையாளருக்கு அவ்வாறானதோர் அறை கிட்டவில்லை. அதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. 1983 யூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இந்நாட்டுப் படங்கள் பலவற்றின் நெகற்றிவ்கள் அங்கு சாம்பராயின. பாரிசில் எரிந்தது பட்டியலின்மையால் அறியப்படாது போயிற்று. இங்கு எரிந்ததைப் பட்டியலிடும் பணியை முதன்மையாகத் தனிப்பட்ட ஆர்வலரே மேற்கொண்டனர்.

இன்று படங்கள் இலக்கமுறையிற் பரவி, முன்னர் கனவிலும் கிட்டாதவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அருமை குறைந்துவிட்டது, அதனால் 'நான் மட்டுமே கண்டேன்' என்னும் பெருமையும் பொருளிழந்து வருகின்றது. இது நன்மையே. சுவைஞனிடம் எஞ்சியிருப்பது அவனது வாதமும் கவனமுமே. ஈழத்துத் தமிழ்ப் படமொன்றைத் தேடிப் பார்ப்பவன், அது நம்மவர் படம் என்பதற்காகவோ, எவரும் காணாதது என்பதற்காகவோ அதனைப் புகழ்வானாயின் அப்படத்துக்கு அவன் எந்த உதவியும் செய்தவனாகான். எந்தப் பிரதியைப் பார்த்தான், அதில் எவை விடுபட்டுள்ளன, எக்காட்சி எவ்வாறு அமைந்துள்ளது, எங்கே படம் தளர்கின்றது என்பவற்றை அவன் எழுதிவைத்தல் வேண்டும். தளர்ந்த இடத்தைத் தளர்ந்தது என்று சொல்லுமளவுக்கு அப்படத்தை அவன் மதித்தல் வேண்டும். எரிந்தவற்றை மீட்கும் வல்லமை எழுத்துக்கு இல்லை. எஞ்சியவற்றை மறுபடியும் ஒருவர் பார்க்க விரும்புமாறு செய்யும் வல்லமை அதற்கு உண்டு.